ஆங்கில நிகழ்காலம்: ஓர் அட்டவணையோடு பட்ட பாடு

போட்டித் தேர்வுக்காகக் குன்னூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தபோது, ஆங்கில நிகழ்காலத்துக்கென்று அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு பக்க அட்டவணை. ‘எவ்ரிடே’ வந்தால் சிம்பிள் பிரசண்ட், ‘நௌ’ வந்தால் ‘ஐஎன்ஜி’, ‘சின்ஸ்’ அல்லது ‘ஃபார்’ வந்தால் ‘ஹேஸ் பீன்’. இவ்வளவுதான் அதன் சாரம். வினை வடிவங்களை மனப்பாடம் செய்வதில் எந்தச் சிரமமும் இல்லை. அடையாளச் சொல் இல்லாத வாக்கியங்கள் வரத் தொடங்கியதும் அந்த அட்டவணை கைவிட்டுவிட்டது.

மாதிரித் தேர்வில், மேட்டுப்பாளையத்திலிருந்து நாளைக் காலை 7.10 மணிக்கு மலை ரயில் புறப்படும் என்னும் பொருளில் ஒரு கோடிட்ட இடம் இருந்தது. ‘லீவ்ஸ்’ என்று எழுதினேன். ‘டுமாரோ’ இருப்பதால் ‘வில் லீவ்’ மட்டுமே சரி என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். கால அட்டவணைப்படி நடப்பவற்றை, அவை நாளை நடப்பவையாக இருந்தாலும், சிம்பிள் பிரசண்டில் சொல்வது ஆங்கிலத்தின் இயல்பான வழக்கு என்று எடுத்துச் சொன்னபோது, விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் தர முடியாது என்பதே பதிலாக வந்தது. சந்தேகம் இருந்தால் கோவையில் உள்ள தலைமை மையத்தின் சிறப்பு வகுப்புக்குப் போகுமாறும் சொன்னார்கள். வேலைக்கு விடுப்பு போட்டு, பர்லியார் வழியாக மலைப்பாதையில் இறங்கிப் போய்ச் சேர்ந்தால், அங்கே கையில் திணித்தது அதே அட்டவணையின் வண்ண நகல். கேள்வி கேட்க நேரமே ஒதுக்கவில்லை. அந்தப் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் சம்பளத்தையும் நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிறகு நூலகத்திலிருந்து ஓர் இலக்கண நூலை எடுத்து நானே படித்ததில்தான் வழி பிறந்தது. பேசுபவர் அந்தச் செயலை நிலையானதாகக் கருதுகிறாரா, தற்காலிகமானதாகக் கருதுகிறாரா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது அச்செடியின் இயல்பு. ஆகவே இன்று மலையில் ஒரு பூகூட இல்லாவிட்டாலும் ‘ப்ளூம்ஸ்’ என்றே வரும். கொடைக்கானல் பக்கம் 2018இல் அது பூத்துக் கிடந்த நாட்களில், கண்ணெதிரே நடப்பதைச் சொன்னவருக்கு ‘இஸ் ப்ளூமிங்’ பொருந்தியது. நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது: நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரைச் சொல்லும்போது ‘ஐ ஆம் லிவிங்’ என்றால், கொஞ்ச காலத்துக்கு அங்கே தங்கியிருப்பதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

‘நௌ’ இருந்தாலும் ‘ஐ நோ இட் நௌ’ என்பதே சரி, ஏனெனில் ‘நோ’, ‘பிலீவ்’, ‘பிலாங்’ போன்ற வினைகள் பொதுவாக ‘ஐஎன்ஜி’ ஏற்பதில்லை. ‘ஆல்வேஸ்’ இருந்தும், எரிச்சலைக் காட்ட ‘ஹி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்’ என்று சொல்லலாம். ‘பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அப்படியே ‘ஐ ஒர்க்’ என்று எழுதிவிடக் கூடாது. தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை நீள்வதால் ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ வேண்டும். ‘எஸ்டர்டே’ போன்ற முடிந்துபோன காலச்சொல்லோடு ‘ஐ ஹேவ் சீன்’ சேராது என்பதையும் அந்த அட்டவணை எங்கும் சொல்லவில்லை.

கால அட்டவணை வழக்கைச் சொல்லும் நூலின் பக்கத்தைப் பயிற்சி மையத்தில் விரித்துக் காட்டிய பிறகுதான் ‘லீவ்ஸ்’ எழுதிய எங்கள் எல்லோருக்கும் மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. புதிதாகச் சேர்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன், அடையாளச் சொல் இல்லாத வாக்கியங்களுக்கும் பயிற்சி தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.