யானை பிடிக்கப் பன்றியான கதை

அண்ணன் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது. என்ன கேக் வேண்டும் என்று கேட்டதற்கு யோசிக்காமல் "ஆனை" என்றாள். வட்டக் கேக்கின் தலையில் ஒரு யானைப் பொம்மையை வைத்துத் தப்பித்திருக்கலாம். அத்தை என்கிற கெத்து விடவில்லை. கேக்கே யானைதான், படுத்திருக்கும் குட்டி யானை என்று வாயை விட்டுவிட்டேன்.

வாக்குக் கொடுத்துவிட்டு, பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். செதுக்கி முடித்தபோது அச்சு அசல் யானை. கண்குழி, நெற்றி மேடு, கன்னம், கழுத்து மடிப்பு எல்லாம் இருந்தது. பெருமையாகப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அப்புறம் சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பூசினேன், சப்பாத்தி மாதிரி தேய்த்த சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் போர்த்தினேன். கண்குழி தூர்ந்துபோனது. கழுத்தைக் காணோம். காது ஒட்டுவதற்கு முன் எட்டிப்பார்த்த அண்ணி, "பன்னி சூப்பரா வந்திருக்கே!" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தவர்களாவது பரவாயில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. கனாஷ் அரை சென்டிமீட்டர், அதன்மேல் ஃபாண்டன்ட் 4 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள யானைக்கால் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேடெல்லாம் இப்படிப் பருக்கும்போது பள்ளமெல்லாம் அதே அளவுக்கு அடைபடும். விரல் அகலத்துக்கு நான் ஆசையாகத் தோண்டிய கண்குழிக்கு என்ன ஆகும்? ஆகவே செதுக்கி முடித்த யானை அழகாக இருந்தால் அது தப்பு. பல நாள் பட்டினி கிடந்த மாதிரி, எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது யானையை அப்படித்தான் செய்தேன். பஞ்சு மாதிரி மெத்தென்ற ஸ்பாஞ்ச் கேக் செதுக்க உதவாது, கத்தி பட்டதும் உதிரும். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் ஒரே எடை போடும் பவுண்ட் கேக்தான் எனக்குச் சரிப்படுகிறது. முந்தைய நாளே சுட்டு, நன்றாகச் சுற்றி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். குளிரில் வெண்ணெய் இறுகிக்கொள்வதால் ரொட்டி வெட்டும் பல்லுக் கத்தி சோப்பை வெட்டுவது போல இறங்குகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் மறுபடி குழையும். திரும்ப உள்ளே வைத்துவிட்டு ஒரு காபி குடிக்கலாம்.

உடம்புக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. 20 சென்டிமீட்டர் வட்டக் கேக் இரண்டைச் சுட்டு, இரண்டையும் பாதியாக வெட்டி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்துங்கள். முதுகு தானாகவே வந்துவிடும். ஆசிய யானைக்கு முதுகு வில் மாதிரி வளைந்து மேலே நிற்கும். ஆப்பிரிக்க யானைக்கு நடுவில் தாழ்ந்திருக்கும். நான் ஆசியக் கட்சி என்பதால் அந்த வளைவு இலவசமாகக் கிடைத்தது. மூன்று பாதிகளை நடுவில் கனாஷ் தடவி ஒட்டினால் உடம்பு, நாலாவது பாதியில் கால்கள்.

பின்னங்காலில் ஒரு கோட்டை விட்டிருந்தேன். வெள்ளோட்டத்தில் நாய் படுத்திருக்கிற மாதிரி மடக்கி வைத்திருந்தேன். பிறகு யானைகள் படுத்திருக்கும் படங்களைத் தேடிப் பார்த்தால், யானையின் பின்னங்கால் முட்டி நம் முட்டி மடங்குகிற பக்கமே மடங்குகிறது. வயிறு தரையில் படப் படுக்கும்போது பின்னங்கால்கள் பின்னால் நீண்டு கிடக்கின்றன. அதை மாற்றியதுமே பாதி யானை வந்துவிட்டது.

தலையைக் கேக்கில் செய்யவில்லை. கனம் தாங்காது. உருக்கிய மார்ஷ்மெல்லோவில் அரிசிப் பொரியைப் பிசைந்து, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டி இறுக்கினேன். நெற்றியில் இரண்டு மேடு, நடுவில் பள்ளம். இந்தப் பள்ளத்தை வேண்டுமென்றே இரு மடங்கு ஆழமாக அமுக்கினேன். கண்குழியில் கட்டைவிரல் முழுசாகப் புதைந்தது. பார்க்க மண்டை ஓடு மாதிரி இருந்தது. இரண்டு மரக்குச்சி செருகி, முன்னங்கால்கள்மேல் தலை சாய்ந்திருக்கும்படி வைத்தேன். தும்பிக்கை கேக்கின் அடியில் இருக்கும் போர்டின் மேலேயே கிடப்பதால் தொங்கி விழும் பயமும் இல்லை.

கனாஷுக்கு டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. இதில் விசேஷம் ஒன்றும் இல்லை, பூசி இறுக விட வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பல் நிறம்தான் படுத்தி எடுத்தது. வெள்ளை ஃபாண்டன்டில் கறுப்பு ஜெல் கலர் பிசைந்தால் ஊதா அடித்தது. துளி மஞ்சளும் துளி பிரௌனும் சேர்த்ததும் ஊதா அடங்கியது. நிறம் வைக்க வைக்க ஏறும் என்பதால், வேண்டியதைவிட வெளிறலாக நிறுத்திவிட்டு மறுநாள்தான் தேய்த்தேன்.

ஃபாண்டன்ட் காய்ந்துபோய் மேல்பரப்பு சுருங்கிச் சொரசொரப்பானால் கேக் செய்கிறவர்கள் அதை 'யானைத்தோல்' என்பார்கள். மற்ற கேக்குகளில் அதைப் பார்த்தால் வயிறு கலங்கும், கொழுப்பு தடவித் தேய்த்துத் தேய்த்து மறைக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக அது விரிந்தபோது கைதட்டினேன். போதாதென்று கசக்கிய அலுமினிய ஃபாயிலால் உடம்பெல்லாம் ஒற்றி எடுத்தேன். தும்பிக்கையில் கத்தியின் மொண்ணைப் பக்கத்தால் குறுக்குக் கோடுகள். போர்த்திய பிறகு கண்குழியைப் பார்த்தேன். மண்டை ஓடு போய், தூங்கி எழுந்த குட்டியின் பள்ளம் மட்டும் மிச்சமிருந்தது.

காதுகளை இரண்டு நாள் முன்பே செய்துவிட்டேன். கால் கிலோ ஃபாண்டன்டில் அதைக் கெட்டியாக இறுக வைக்கும் சி.எம்.சி. பவுடர் ஒரு டீஸ்பூன் பிசைந்து, குழிக்கரண்டியின் முதுகில் காயவைத்தால் வளைவோடு இறுகும். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று செய்தேன். ஒன்றைத் தூக்கும்போதே உடைத்தேன்.

கறுப்பு உருண்டைக் கண்ணில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். மாற்றி வைத்தால் மாறுகண். கடைசியாக நகம். ஆசிய யானைக்கு முன்னங்காலில் ஐந்து நகம். கணக்குத் தவறாமல் பத்தும் ஒட்டினேன்.

பிறந்தநாளன்று மேஜையைச் சுற்றி இரண்டு சுற்று வந்தாள். "ஆனை!" என்றாள். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. கத்தி தேடிக்கொண்டிருந்தோம், அதற்குள் ஒரு நகத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று. நாள் முழுக்க "நகத்தைக் கடிக்காதே" என்று அவளை விரட்டும் அண்ணி வாயடைத்து நிற்க, பத்தையும் தின்றுவிட்டு, பின்னங்காலில் ஏன் நகம் இல்லை என்று கேட்டாள்.