புகைபோக்கியோடு முடியாத கணக்கு

மின்சாரத்தை எந்த வழியில் உற்பத்தி செய்தாலும் அதற்குச் சுற்றுச்சூழல் ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதால் அந்த விலை இல்லாமல் போய்விடுவதில்லை. சுரங்கம் தோண்டுவதில் தொடங்கி, கருவிகளைத் தயாரிப்பது, நிலையத்தை இயக்குவது, கடைசியில் கழிவை அப்புறப்படுத்துவது வரை அனைத்தையும் சேர்த்து எடைபோடுவதை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை தரும் இடைநிலை மதிப்புகளின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490 கிராம், பெரிய சூரிய மின்நிலையம் 48 கிராம், நிலக் காற்றாலை 11 கிராம் என்ற அளவில் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு ஏற்படுகிறது.

இந்த ஒரு கணக்கே போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைக் கொட்டிவைக்கும் குளங்களிலிருந்து நிலத்தடி நீருக்குக் கசியும் ஆர்செனிக் நச்சையோ, காற்றாலை இறக்கைகளில் மோதிச் சாகும் பறவைகளையோ கிராம் கணக்கில் அடக்க முடியாது. நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளில் ஒவ்வொன்றின் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசியபோது, பறவைகளின் இறப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நான்கே காற்றாலைகள் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாதுதான். ஆயினும் இவ்வளவு மலிவான தீர்வுகளைப் பலமுறை சோதித்துப் பார்ப்பதில் என்ன தயக்கம்?

நிலக்கரி நிலையங்களில் புகையில் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்து, காற்றை மாசுபடுத்தும் கந்தக டை ஆக்சைடைப் பெருமளவு பிடித்து, ஜிப்சமாக மாற்றிவிடலாம். ஆனால் அந்தக் கருவியை இயக்கவும் மின்சாரம் செலவாகிறது, சுண்ணாம்புக்கல்லும் தன் பங்குக்குக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆகவே காற்று தூய்மையானாலும் கரிம உமிழ்வு சற்றுக் கூடவே செய்கிறது.