பான்ஃபில் ஒரு வார இறுதி

செப்டம்பர் 20, 2024, வெள்ளி இரவு

மாலை ஐந்து மணிக்குக் கனடாவின் கால்கரி நகரை விட்டு மேற்கே கிளம்பினோம். ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் பான்ஃப் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் பாதிக் கால்கரி அதே சாலையில்தான் போய்க்கொண்டிருக்கும். முதல் முக்கால் மணி நேரத்துக்குப் புல்வெளியும் வைக்கோல் உருளைகளும் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு சாலை ‘போ’ (Bow) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொள்ள, இருபுறமும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை மலைகள் எழுந்து நிற்கின்றன. மலையூர் என்றதும் கொண்டை ஊசி வளைவுகளை எதிர்பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த என் மனைவிக்கு ஒரு வளைவும் இல்லாமல் ஊர் வந்துவிட்டதில் ஏமாற்றம்தான். ஆறு அறுத்துவைத்த வழியிலேயே முதலில் ரயில் பாதையையும் பின்னர் நெடுஞ்சாலையையும் போட்டுவிட்டதால் ஏறுகிறோம் என்பதே தெரிவதில்லை. ஆனாலும் பான்ஃப் நகரம் 1,383 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஊர் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், பூங்காவின் கிழக்கு வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். நிற்காமல் அடுத்த மாகாணத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை; பூங்காவுக்குள் எங்கேனும் தங்கினாலோ சுற்றினாலோ உண்டு. வாங்கிய சீட்டு மறுநாள் மாலை நான்கு மணி வரை செல்லும் என்பதால், ஞாயிறு வரை இருப்பவர்கள் அதற்கேற்பக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

தெருக்களுக்கு ஓநாய், கரடி, லின்க்ஸ், நீர்நாய், முயல் என்று விலங்குகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். எங்கள் விடுதி இருப்பது மார்ட்டன் தெருவில். மார்ட்டன் என்பது கீரியைப் போன்ற ஒரு காட்டு விலங்காம். ரயில் பாதை மிக அருகில் இருப்பதை முன்பதிவின்போது யாரும் சொல்லவில்லை. இதை எழுதும்போதே ஒரு சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போகிறது; எண்ணத் தொடங்கி, பெட்டிகள் முடிகிற வழியாகத் தெரியாததால் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி, பிற்பகல்

மொரேன் ஏரிக்குப் போய்வந்த களைப்பில் லேக் லூயிஸ் கிராமத்தின் ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2023 முதல் அந்த ஏரிக்குச் சொந்த வாகனங்களை விடுவதில்லை. பூங்கா நிர்வாகம் பனிச்சறுக்கு மைதானத்தின் வாகன நிறுத்தத்திலிருந்து விடும் பேருந்தில்தான் பெரும்பாலோர் போகிறார்கள். அந்த இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலேயே விற்றுவிடுகிறார்கள். மீதியை, பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து இணைய வரிசையில் காத்திருந்து வாங்கினோம். இதையெல்லாம் அநியாயம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கால்கரியில் நிறையப் பேர். போய்ப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏரிக்கரையில் இருக்கும் வாகன நிறுத்தம் அவ்வளவு சிறியது. பேருந்து இல்லாவிட்டால் அங்கே போய்ச் சேர்வதைவிடத் திரும்பிப் போகச் சொல்லி அனுப்பப்படுவதுதான் எளிதாக இருந்திருக்கும்.

பான்ஃபிலிருந்து லேக் லூயிஸ் வரும் வழியில் நெடுஞ்சாலைக்கு மேலே புல்லும் மரமுமாக அகலமான பாலங்கள் குறுக்கே போகின்றன. அவை மனிதர்களுக்கானவை அல்ல. சாலையின் இருபுறமும் ஆளுயரத்தைத் தாண்டிய வேலி போட்டு, விலங்குகள் கடப்பதற்கென்று பூங்காவுக்குள் 6 மேம்பாலங்களும் 38 சுரங்க வழிகளும் கட்டியிருக்கிறார்கள். கிரிஸ்லி கரடியும் எல்க் மானும் திறந்த மேம்பாலத்தை விரும்புகின்றன. கருங்கரடியும் மலைச் சிங்கமும் குறுகலான சுரங்க வழியைத் தேடிப் போகின்றன. கட்டிய புதிதில், இவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் எந்த விலங்கு வரப்போகிறது என்று கேலி பேசியவர்கள் உண்டு. வேலியும் பாலங்களும் வந்த பிறகு வாகனங்களில் அடிபட்டுச் சாகும் விலங்குகளின் எண்ணிக்கை 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது.

ஏரியின் நீலத்தைப் பற்றி எழுதி என்ன பயன்? பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறை மாவு நீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. கரையில் குவிந்து கிடக்கும் பாறைகளின் மேல் ஏறினால், பழைய கனடிய 20 டாலர் நோட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த அதே காட்சி கிடைக்கிறது. அந்த உச்சியில் படம் எடுத்துக்கொள்ளக்கூட ஒரு வரிசை நின்றது. "என்னங்க, மலையைப் பார்க்க வந்தோமா, மனுஷங்களைப் பார்க்க வந்தோமா?" என்று கேட்டுவிட்டு, மனைவியும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டார்.

இந்த இரண்டு மூன்று வாரங்களில் கூட்டம் இப்படிப் பொங்குவதற்கு லார்ச் மரங்கள்தான் காரணம். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் வகை. உதிர்ப்பதற்கு முன் மலைச்சரிவு முழுவதும் பொன்மஞ்சளாகிவிடும். ஏரியிலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம் ஏறினால் லார்ச் பள்ளத்தாக்கு. ஒரு கிளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: சின்னச் சின்ன முடிச்சுகளிலிருந்து ஊசிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தன, பைன் ஊசியைப் போலக் குத்தாமல் பூனை ரோமத்தைப் போல மெத்தென்று இருந்தன. கையை எடுத்தபோது நாலைந்து ஊசிகள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. ஒரு நல்ல காற்று அடித்தால் அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு வெறும் கிளைதான் மிஞ்சும்.

செப்டம்பர் 21, சனி இரவு

பான்ஃப் அவென்யூவில் இரவு ஒன்பது மணிக்கும் கடைத்தெருவின் இரைச்சல் அடங்கவில்லை. தெருவின் வடகோடியில் 2,998 மீட்டர் உயரமுள்ள காஸ்கேட் மலை வழியை அடைத்தாற்போல நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ஃபட்ஜ் மிட்டாய்க் கடைகளும் கம்பளிச் சட்டைக் கடைகளும், மாவை நீள்வட்டமாக இழுத்து எண்ணெயில் பொரித்து இலவங்கப்பட்டைச் சர்க்கரை தூவித் தரும் பீவர்டெயில்ஸ் கடை முன் வளைந்து நின்ற வரிசையும். நாங்களும் நின்று வாங்கித் தின்றோம். சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டிய பண்டம், ஆறினால் ரப்பர்.

ஊரின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி 8,305. பூங்காவுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். இந்த விகிதத்தில் ஊர் எப்போதோ மலையேறி வழிந்திருக்க வேண்டும். வழியாததற்குச் சட்டம்தான் காரணம். நிலம் மத்திய அரசுடையது, குத்தகைக்கு மட்டுமே கிடைக்கும். இங்கே வேலையோ தொழிலோ உள்ளவர்கள் போன்ற, குடியிருக்கத் தகுதி பெற்றவர்கள்தான் இங்கே வசிக்க முடியும். பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் விடுமுறை வீடு வாங்கிப் பூட்டிவைக்க முடியாது. நகர எல்லையும் விரிவதில்லை. எங்களுக்குச் சட்டை விற்ற ஆஸ்திரேலியப் பெண், வேலையைவிடத் தங்குவதற்கு ஒரு படுக்கை கிடைப்பதுதான் இந்த ஊரில் கடினம் என்றும், கடை முதலாளி கொடுத்த விடுதி அறையை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்.

கூட்டம் இயற்கையைக் கெடுத்துவிட்டது என்று எழுதுவது எளிது. ஆனால் இந்த ஊர் கூட்டத்துக்காகவே உண்டாக்கப்பட்டது. மலைகளைக் குடைந்து பாதை போட்ட கனடியன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்கு, மக்கள் அதிகமில்லாத இந்தப் பகுதியில் பயணச்சீட்டு வாங்க ஆட்கள் வேண்டியிருந்தது. அதற்காகவே 1888-இல் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஓட்டலைத் திறந்தார்கள். கட்டியவர்கள் திசை மாறிக் கட்டியதால் சமையலறைக்கு ஆற்றுக் காட்சியும் விருந்தினர்களுக்குக் காடும் கிடைத்ததாகச் சொல்வார்கள். அந்த மரக் கட்டடம் இப்போது இல்லை. இன்று ஆற்றங்கரையில் நிற்பது பின்னாளில் எழுந்த, கோட்டை போன்ற கற்கட்டடம்.

திரும்பும் வழியில் பாலத்துக்கு அப்பால், புல்வெளி இருட்டிலிருந்து எல்க் மான் ஒன்றின் குரல் கேட்டது. அத்தனை பெரிய உடலிலிருந்து துருப்பிடித்த கதவு திறப்பது போல ஒரு கீச்சொலி. இது இணை சேரும் பருவம் என்பதால் ஆண் மான் மூர்க்கமாக இருக்கும். 30 மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு அதை நோக்கி நடந்தார். அவருடைய மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு இரவு

காலையில் கேவ் அண்ட் பேஸின் என்ற குகைச் சுனை. கேபிள் காரில் சல்பர் மலை உச்சிக்கு எட்டு நிமிடத்தில் போகலாம் என்றாலும், அந்தச் செலவை மிச்சம்பிடித்து இங்கே வந்தோம்; அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 1883-இல் மூன்று ரயில்வே தொழிலாளர்கள் நீராவி கிளம்பிய ஒரு துளை வழியாக இறங்கி இந்தக் குகைச் சுனையைக் கண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பழங்குடியினரான ஸ்டோனி நகோடா மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதை அறிந்திருந்தார்கள். சுனை யாருக்குச் சொந்தம் என்ற தகராறு முற்றவே, 1885-இல் அரசு சுற்றியிருந்த நிலத்தை ஒதுக்கீடு செய்தது. கனடாவின் முதல் தேசியப் பூங்கா அதிலிருந்துதான் வளர்ந்தது.

குகைக்குள் அழுகிய முட்டை நாற்றம். வெதுவெதுப்பான நீரின் ஓரத்தில், வெள்ளைப் பாசி இழைகளுக்கு நடுவே, எலுமிச்சை விதையைவிடப் பெரிதாக இல்லாத நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சல்பர் மலையின் சுனைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. அதனால் இங்கே நீரில் கை வைக்கக்கூட அனுமதியில்லை. குளிக்க விரும்புகிறவர்கள் மேலே உள்ள அப்பர் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குப் போக வேண்டும்.

வெளியே ஒரு தனிக் கூடத்தில் முதல் உலகப் போர்க்காலத்து முகாமைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து குடியேறியிருந்தவர்களை, பெரும்பாலும் உக்ரேனியர்களை, எதிரி நாட்டவர் என்று அடைத்துவைத்துப் பூங்காவில் சாலை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். 1915 முதல் 1917 வரை கோடையில் காஸில் மலையடிவாரத்தில் கூடாரம், குளிர்காலத்தில் இந்தச் சுனைக்கு அருகில் முகாம். கனடா முழுவதும் இப்படி அடைக்கப்பட்டவர்கள் 8,579 பேர். அவென்யூவில் இருந்த ஜனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தக் கூடத்தில் இல்லை. நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் ஒரு முதிய தம்பதியர் மட்டும் வந்து, எல்லாப் பலகைகளையும் முழுதாக வாசித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பியும் கான்மோரைத் தாண்ட நெடுநேரம் ஆனது. பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள அந்தப் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில், பான்ஃபில் கட்ட முடியாத விடுமுறை வீடுகள் சரிவெங்கும் ஏறியிருக்கின்றன. அங்கே குடியிருந்துகொண்டு தினமும் பேருந்தில் பான்ஃப் ஓட்டல்களுக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

மினிவாங்கா ஏரி விடுபட்டுப் போயிற்று. 1941-இல் கட்டிய அணையால் மூழ்கிய ஒரு கோடைக்கால ஊர் அதன் அடியில் கிடக்கிறது. அக்டோபர் நடுவில் படகு விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அதற்குள் ஒரு சனிக்கிழமை போய்வர வேண்டும். அப்போது ரயில் பாதையை விட்டுத் தள்ளி அறை கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.