அண்டர்டேக்கர் வர்ற நேரம் பார்த்து கரண்டு போகும்

அப்ப மன்னார்குடியில எங்க தெருவுக்கே ஒரு பிளேஸ்டேஷன் 2 தான், டிவியில மாட்டி ஆடுற சோனி கேம் மெஷினு. மணிக்குப் பத்து ரூவா. 2003ல வந்த 'ஹியர் கம்ஸ் தி பெயின்'ங்கிற டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த கேம் டிஸ்க்கு முழுக்கக் கீறல். கடை அண்ணன் கைலி நுனியால தொடச்சு, ஒரு ஊது ஊதிப் போடுவாரு. அதுல மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் மெதுவா நடந்து வர்றப்பதான் கரண்டு போகும். காசு திரும்பி வராது.

வருசா வருசம் நடக்குற பெரிய மல்யுத்த விழா ரெஸில்மேனியாவுல 21 தடவை தோக்காத அந்த மனுசன 2014ல பிராக் லெஸ்னர்ங்கிற வீரர்கிட்ட தோக்க விட்டாங்க. யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே எழுதி வச்ச ஆட்டம்தான், தெரியும். ஆனாலும் அன்னிக்கு சோறு எறங்கல. இன்னொரு பெரிய வீரர் ஜான் சீனா 2025 டிசம்பர்ல கடைசி ஆட்டத்துல குந்தர்ங்கிற வீரர்கிட்ட தட்டித் தோல்விய ஒத்துக்கிட்டுப் போனது மட்டும் எனக்குச் சரின்னுதான் படுது. போறவன் அடுத்தவன தூக்கிவிட்டுட்டுதான் போகணும். (திட்டறவங்க கமெண்டுல வரிசையா வாங்க.)

இப்ப கேம் மெஷினு கதைக்கு வருவோம். மைக்ரோசாஃப்டோட அடுத்த எக்ஸ்பாக்ஸ் மெஷினுக்கும் ஏஎம்டி கம்பெனி சிப்பு, சோனியோட பிளேஸ்டேஷனுக்கும் ஏஎம்டிதான். ஒரே மாவு, ஒருத்தன் இட்லி, ஒருத்தன் தோசை. எனக்கு வேண்டியது டிஸ்க்கு போடுற வாய். 2024ல வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவுலயே அதைத் தனியாத்தான் வாங்கணும்னுட்டாங்க. டிஸ்க்கு இருந்தா ஆடி முடிச்சு கூத்தாநல்லூர் மாப்ளகிட்ட மாத்திக்கலாம். டவுன்லோடு பண்ணத எவன்கிட்ட மாத்துறது?