வைல்ட்வுட் ஃப்ளவர்: முதல் இரண்டு வரி வந்துவிட்டது

கிதாரில் 'வைல்ட்வுட் ஃப்ளவர்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டு பழகுகிறேன். ஐந்து மாதமாகக் கைக்கு அடங்காமல் இருந்த முதல் இரண்டு வரிகள் முந்தாநாள் ராத்திரி வந்துவிட்டன. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 84 தட்டில், தொடர்ந்து நான்கு தடவை, ஒரு நோட்டைக்கூட விழுங்காமல். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் எட்டிப்பார்த்து, "ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேக்குது மாமா" என்றாள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

முதல் மூன்று மாதம் வீணானதற்குக் காரணம், பின்னால் வந்தவர்கள் தங்கள் பாணியில் போட்ட கவர் வெர்ஷன்களிலிருந்து பாட்டைப் பிடிக்கப் பார்த்ததுதான். 1955-இல் கன்ட்ரி இசைப் பாடகர் ஹேங்க் தாம்ப்ஸனின் குழு வெறும் வாத்திய இசையாகப் போட்ட வெர்ஷனில் கிதார் மெர்ல் ட்ராவிஸ். அவர் பாணியே வேறு. கட்டைவிரல் பேஸை மாற்றி மாற்றி அடிக்கும், மெட்டு மேல்குரல் ஸ்ட்ரிங்குகளில் சுட்டுவிரலில் ஓடும். நாட்டார் பாடகி ஜோன் பயஸ் 1960-இல் தன் முதல் ஆல்பத்தில் பாடியதில் குரல்தான் எல்லாம், கிதார் பின்னால் நிற்கிறது. புளூகிராஸ் என்ற வேகமான நாட்டார் இசைக்காரர்கள் ஃபிளாட் பிக்கால் (விரலிடுக்கில் பிடிக்கும் தட்டை வில்லை) ஒவ்வொரு நோட்டாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். எல்லாமே அழகுதான். ஆனால் இவற்றை எல்லாம் கலந்து கற்றுக்கொண்டதில் என் வலது கைக்கு ஒரு வழியும் பிடிபடவில்லை.

அப்புறம்தான் மூலத்துக்கே போனேன். 1928 மே மாதம், நியூ ஜெர்ஸியின் கேம்டன் நகரில் விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக கார்ட்டர் குடும்பம் என்ற கன்ட்ரி இசைக் குழு பதிவு செய்தது. சாரா கார்ட்டரின் குரல், மேபெல் கார்ட்டரின் கிதார், அவ்வளவுதான். மேபெலுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. வேகத்தை 60 சதவீதத்துக்கு இறக்கிப் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மெட்டு பெரும்பாலும் கட்டைவிரலில், கீழ்க்குரல் ஸ்ட்ரிங்குகளில் இருக்கிறது. தாளம்தான் மேலே, சுட்டுவிரல் நகத்தின் உரசலில். ட்ராவிஸைப் பார்த்துப் பழகியவனுக்கு இது அப்படியே தலைகீழ்.

முதல் வரி C கார்டின் விரல் வடிவத்தில், நாலாவது ஸ்ட்ரிங் (மெல்லியதுதான் முதலாவது) இரண்டாம் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், ஆரம்பித்து ஏறும். இடது கைக்கு அதில் வேலையே இல்லை. சிக்கல் முழுக்க உரசலில். கட்டைவிரல் அடித்த நோட் நீண்டு ஒலிக்கவேண்டும், அடுத்த தட்டில் வரும் உரசல் அதை அமுக்கிவிடக் கூடாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் உரசல்தான் ஓங்கியது. பதிவு செய்து கேட்டால் 'சிக் சிக்' மட்டும் கேட்கும், மெட்டு எங்கோ கிணற்றுக்குள் இருக்கும்.

தீர்வு சின்னது. கட்டைவிரல் நாலாவது ஸ்ட்ரிங்கை அடித்ததும் காற்றில் எழும்பாமல் மூன்றாவதன்மேல் போய்ச் சாயட்டும். அப்படிச் சாய்ந்து நின்றால் உரசலுக்குக் கிடைப்பது இரண்டாவதும் முதலாவதும் மட்டும்தான். கையே தன்னால் அளவோடு உரசும். சாய்ந்து அடிப்பதால் மெட்டுக்கும் கனம் கூடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று ஒரே நோட்டை மட்டும் இருபது நிமிஷம் அடித்துக்கொண்டிருந்தேன். சாய், உரசு, சாய், உரசு.

தம்ப் பிக், அதாவது கட்டைவிரலில் மாட்டும் மீட்டுவில்லை பற்றி ஒரு வார்த்தை. மேபெல் தம்ப் பிக் போட்டு வாசித்தவர், வெறும் விரலில் அந்தக் கூர்மை வராது. ஆன்லைனில் வாங்கிய நான்கில் மூன்று லூஸ். வெந்நீரில் அரை நிமிஷம் போட்டு, இளகியதும் விரலில் மாட்டி அழுத்திப் பிடித்து, உடனே பச்சைத் தண்ணீரில் காட்டினால் விரலுக்குப் பொருந்திவிடுகிறது. விரல் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கிப்போட இருந்த மூன்றும் இப்போது பயன்படுகின்றன. மேபெலின் கிதார் கிப்ஸன் எல்-5. 1928-இல் 275 டாலர், அந்தக் காலத்தில் பெரும் பணம். இப்போது நாஷ்வில்லில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்றைக்காவது நேரில் பார்க்கவேண்டும்.

பாட்டு கார்ட்டர் குடும்பத்துடையது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அவர்களுக்கு 68 வருஷம் முன்னால், 1860-இல் ஜோசப் ஃபில்பிரிக் வெப்ஸ்டர் மெட்டமைத்து அச்சில் வந்த வரவேற்பறைப் பாட்டு அது. கூந்தலில் பூக்களைச் சூடிக்கொண்டு, கைவிட்டுப் போன காதலனை மறக்கப் பார்க்கும் பெண்ணின் பாட்டு. அது வாய்வழியாக மலைப்பகுதிக்குப் போய், அப்பலாச்சிய வீடுகளில் தலைமுறை தாண்டி, சாராவிடம் வந்து சேர்ந்தபோது சொற்கள் உருமாறிவிட்டன. பழைய அச்சில் வெளிறிய நீலப் பூ ஒன்றின் பெயர் வருகிற இடத்தில் சாரா பாடுவதற்குப் பொருளே சொல்ல முடியாது. எனக்கு அந்த வரிதான் மிகவும் பிடிக்கும். பொருள் போனபிறகும் ஒலியைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள், எத்தனை பேர் பாடி வந்திருப்பார்கள்!

சொற்கள் மாறின, 1928-க்குப் பிறகு வாசிக்கும் பாணியும் ஆளுக்கு ஆள் மாறியது. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது வெப்ஸ்டரின் பாட்டைவிட மேபெலின் கட்டைவிரலைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாட்டார் பாடகர் வுடி கத்ரி, 1941-இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த 'ரூபன் ஜேம்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைப் பற்றிப் பாட்டுக் கட்டியபோது சரணங்களுக்கு இந்த மெட்டைத்தான் எடுத்தார். 1972-இல் வந்த நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற இளைஞர் குழுவின் மூன்று இசைத்தட்டு ஆல்பத்தில் மேபெலே வந்து இதை மறுபடி வாசித்தார். கூட வாசித்த இளைஞர்கள் ஒதுங்கி அவருக்கு இடம் விடுவது காதிலேயே தெரியும்.

சரி, மூன்றாவது வரி. அங்கேதான் நிற்கிறேன். மெட்டு இரண்டாவது, முதலாவது ஸ்ட்ரிங்குகளுக்கு ஏறிவிடுகிறது. நான் உரசிக்கொண்டிருந்த இடமே மெட்டுக்குப் போய்விட்டது. கட்டைவிரல் அங்கே சாய்ந்தால் உரச ஸ்ட்ரிங்கே மிச்சமில்லை. அந்த வரிக்கு மட்டும் சாயாமல் அடித்து, உரசலைக் கீழே மூன்றாவது, நாலாவதுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். 66-இல் தடுமாறாமல் போகிறது, 70-இல் உரசல் மறுபடி ஓங்குகிறது.

இதை முடிக்குமுன்னே அடுத்ததற்கு மனசு ஓடுகிறது: கார்ட்டர் குடும்பத்தின் இன்னொரு பாட்டு 'கேனன்பால் புளூஸ்'. மேபெலுக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். 1927-இல் சிமென்ட் ஆலை விபத்தில் காலை இழந்து, தேறிவந்த நாட்களில் கிதாரைக் கையில் எடுத்தவர். குழுவின் இன்னொருவரான ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் போனபோது அவர் சொற்களை எழுதிக்கொள்வார், மெட்டை மனசில் ஏற்றிக்கொண்டு வந்தது ரிடில். கார்ட்டர் குடும்பப் பாட்டுகளைப் பற்றிப் பேசும்போது ரிடில் பெயரும் கூடவே வரவேண்டும்.

கேப்போ (கழுத்தில் ஸ்ட்ரிங்குகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போடாமல், கிதாரை இரண்டு ஃபிரெட் அளவு இறக்கி ட்யூன் பண்ணியிருக்கிறேன். சாராவின் கனத்த குரலுக்காக மேபெலும் இறக்கித்தான் வைப்பாராம். ஸ்ட்ரிங் தளர்ந்ததும் கட்டைவிரல் நோட்டுக்கு ஒரு கார்வை வந்திருக்கிறது. ஞாயிறு வரை மூன்றாவது வரி மட்டும்தான், 66-இலிருந்து நாளைக்கு ஒரு எண்ணாக ஏற்றப்போகிறேன்.