அக்காவின் ஊசிக்கு முன்னால்

மார்ச் 4
அக்காவை ஜிப்மருக்கு அழைத்துப் போய் வந்தேன். முடக்குவாதம் மாத்திரைக்கு அடங்கவில்லை. காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் தவிக்கிறாள். டி.என்.எஃப் என்ற பொருளைத் தடுக்கும் ஊசி போடலாம், அதற்கு முன் டி.பி. பரிசோதனை கட்டாயம் என்றார் டாக்டர். "இருமல்கூட இல்லையேடி, எனக்கு எதுக்கு டி.பி. டெஸ்ட்?" பஸ் கடலூர் வரும்வரை இதையே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மார்ச் 5
ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்புச் செல் விழுங்கிவிட்டால் கிருமி ஒழிந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். காசநோய்க் கிருமியிடம் அது பலிக்காது. விழுங்கப்பட்ட கிருமி ஒரு பைக்குள் இருக்கிறது. லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு இணைந்தால்தான் செரிக்கும் நொதிகள் உள்ளே பாயும். அந்த இணைப்பையே கிருமி தடுத்துவிட்டு, கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது.

அப்புறம்தான் சமிக்ஞை மூலக்கூறுகளின் வேலை. மேக்ரோஃபேஜ் இன்டர்லூக்கின்-12 வெளியிடுகிறது. அதனால் தூண்டப்படும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றன. அது வந்து மேக்ரோஃபேஜின் மேலுள்ள ஏற்பியில், அதாவது சமிக்ஞையை வாங்கும் புரதத்தில், ஒட்டியதும் அந்தச் செல்லின் கொல்லும் திறன் கூடுகிறது: பையில் அமிலம் ஏறுகிறது, லைசோசோம் இணைகிறது. எலிகளில் நைட்ரிக் ஆக்சைடும் பெரிய ஆயுதம்.

அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் சிலர் உண்டு. நாமெல்லாம் போட்டுக்கொண்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் வலுவிழந்த கிருமியே அவர்கள் உடல் முழுக்கப் பரவிவிடுமாம். இதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. மேக்ரோஃபேஜ் இருக்கிறது, டி செல் இருக்கிறது, தகவல் மட்டும் போய்ச் சேரவில்லை.

மார்ச் 6
அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அவள் மூட்டை வீங்க வைக்கும் அதே டி.என்.எஃப்தான், நுரையீரலில் உறங்கும் கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் எழுப்பும் மதிலையும் இடியாமல் காக்கிறது. ஊசி இரண்டையும் சேர்த்தே தடுக்கும். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற இந்த வகை ஊசி போட்டவர்களுக்கு டி.பி. தலைதூக்கியது 2001இலேயே பதிவாகியிருக்கிறது. சொன்னேன். "சரி, எடுத்துடலாம்" என்றாள்.

மார்ச் 11
ரிசல்ட் பாசிட்டிவ். ரத்தத்தில் கிருமியின் புரதத் துண்டுகளைக் கலந்து, டி செல்கள் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா சுரக்கின்றன என்று அளக்கிறார்கள். அக்காவின் செல்கள் அந்தக் கிருமியை முன்பே பார்த்திருக்கின்றன. எக்ஸ்ரே சுத்தம், நோயில்லை, பிறருக்குத் தொற்றாது. முதலில் தடுப்பு மாத்திரை, ஒரு மாதமாவது போன பிறகுதான் ஊசி. இந்த மாத்திரையும் முடக்குவாதத்துக்கு அவள் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை என்பதால் திங்கட்கிழமை லிவர் டெஸ்ட்.