2026 கார்களும் ஒரு ரசிகனின் கவலையும்

ஃபார்முலா 1-இல் 2026-க்கான விதிமாற்றங்களைப் படிக்கப் படிக்க ஆசையும் பயமும் சேர்ந்தே வருகிறது. கார் சிறியதாகிறது: அகலம் 1,900 மி.மீ., முன்-பின் சக்கர இடைவெளி அதிகபட்சம் 3,400 மி.மீ., எடையிலும் சுமார் 30 கிலோ குறைவு. இதை எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்! மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் இவ்வளவு நாள் ஓடியவை கார்களா, படகுகளா என்றே தெரியவில்லை.

முந்துவதற்காகப் பின்னிறக்கையைத் திறந்துவிடும் டிஆர்எஸ் போகிறது. முன்னிறக்கை, பின்னிறக்கை இரண்டுமே காற்றின் தடை குறைய நேர்ப்பாதையில் தாழ்ந்து, பிடிப்புக்காக வளைவில் நிமிரும். நல்ல யோசனைதான். என் கவலை பேட்டரி மேல். மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்குத் தாவுகிறது. எஞ்சின் புகையின் வெப்பத்திலிருந்து அதற்குச் சக்தியை மீட்டுத் தந்துகொண்டிருந்த எம்ஜியு-எச் என்ற கருவி இனி கிடையாது. இத்தாலியின் மான்சா தடம் மாதிரி நீண்ட நேர்ப்பாதையில் பாதியிலேயே சார்ஜ் தீர்ந்தால்? முழு வேகத்தில் ஓட்டுவதைப் பார்க்கத்தானே உட்காருகிறோம்.

அணிகளுக்கும் எஞ்சின் நிறுவனங்களுக்கும் இடையிலான கூட்டணிகளும் தலைகீழ். ரெட் புல் ஃபோர்டோடு சேர்ந்து சொந்த எஞ்சின் செய்கிறது, ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினுக்குப் போகிறது. புகழ்பெற்ற கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியும் அங்கேதான், அதனால் என் கண் முதலில் ஆஸ்டன் மார்ட்டினின் அந்தப் பச்சைக் கார் மேல்தான் இருக்கும். சாபர் அணி 'ஆடி' (Audi) அணியாகிறது, பதினோராவது அணியாக காடிலாக், ஃபெராரி எஞ்சினோடு.

ரெனோ எஞ்சின் இல்லாமல் போவதுதான் தாங்கவில்லை. 1977-இல் டர்போ எஞ்சினை இந்தப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். இனி ரெனோவின் அணியான ஆல்பினில் மெர்சிடிஸ் எஞ்சின்.

நீங்கள் யார் பக்கம்?